வளைவில் மினுங்கும் விளக்கு

மைசூரில் ரசாக்கின் பட்டறைக்குப் பசவேகௌடர் தம் வாடகைக் காரை நான்காம் முறையாகக் கொண்டுவந்தார்.

"சாயபு, மலை வளைவுல எஞ்சின் விளக்கு கண்ணடிக்குது, வண்டி குலுங்குது. நாளைக்கு மாப்பிள்ளைய மடிகேரிக்கு ஏத்திட்டுப் போகணும். வழியில நின்னா என் மானம் போச்சு!"

"மூணு தடவ ஓட்டிப் பார்த்துட்டேன் கௌடரே. என்கிட்ட வந்தா பரம சாதுவா இருக்கே!"

செருப்புக் காலோடு ஏறி வேலை செய்யும் வண்டியில் தெய்வம் இருக்கலாகாது என்பது ரசாக்கின் எண்ணம். சாமுண்டி அம்மன் படத்தைக் குட்டி விளக்கோடு கழற்றி, இரு கைகளாலும் ஏந்தி அலமாரியில் வைத்துவிட்டு, வண்டியை ஓட்டிப் பார்த்து வேலை முடிந்தபின்தான் திரும்ப மாட்டுவார். இன்றும் கை நீட்டினார்.

"வேணாம் சாயபு. இன்னிக்கு அம்மா துணையோடயே மலைக்குப் போய்ப் பார்ப்போம்."

முதல் வளைவிலேயே கௌடர் வழக்கம்போல் பயபக்தியுடன் அம்மனின் விளக்கைப் போட்டார். எஞ்சின் விளக்கு மினுங்கியது, வண்டி குலுங்கியது.

வண்டியை நிறுத்தச் சொல்லி ரசாக் குனிந்து பார்த்தார். அம்மன் விளக்கின் வயர், டாஷ்போர்டுக்கு அடியில் எஞ்சினுக்குச் செல்லும் வயரோடு முறுக்கப்பட்டிருந்தது.

"இது யாரு வேலை?"

"நான்தான். எஞ்சினையும் அம்மாவே பார்த்துக்கட்டும்னு..."

ரசாக் தலையில் கைவைத்தார்.

"அப்போ மூணு தடவையும் கோளாறை ரெண்டு கையால ஏந்திட்டுப் போய், பத்திரமா அலமாரியில வெச்சது நான்தானா!"