சங்கராந்திக்குப் பாதி விலை

படியேறி வந்ததிலிருந்து அந்த மனிதர் மகளின் மணிக்கட்டை விடவே இல்லை. விட்டால் ஓடிவிடுவாள் என்பது போல இறுக்கிப் பிடித்திருந்தார். காலேஜ் போகிற வயசுப் பெண்ணை இப்படியா கூட்டி வருவது, வீட்டில் ஏதோ பெரிய சண்டை போலிருக்கிறது என்று பிரசன்னா நினைத்துக்கொண்டான்.

செகந்திராபாத்தில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு அவன் வந்து நாலு வருஷம் ஆகிறது. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை தேடித் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பி வந்தவன். கிடைக்காமல் இந்தக் கவுன்ட்டரிலேயே நின்றுவிட்டான். ஆனால் திரையில் படத்தைத் துல்லியமாக்குகிற கிராஃபிக்ஸ் கார்டுகளில் எது யாருக்குச் சரிப்படும் என்பதில் அவனை அடித்துக்கொள்ள அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

அவர் தெலுங்கில்தான் ஆரம்பித்தார். நடுவில் மகளிடம் திரும்பி, "பெட்டி இருக்கும்மா, பார்த்து" என்றார். அதற்குள் அவள் கீழே கிடந்த அட்டைப்பெட்டியில் இடித்துக்கொண்டாள்.

"தமிழா சார் நீங்க?"

"ஹவ், தமிழ்தான். எங்கப்பா காலத்துலயே இங்க வந்துட்டோம். காஞ்சன்பாக் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ். எம்பேரு சாம்பசிவம், இது எம் பொண்ணு சுபாஸ்ரீ. கேம் ஆடறதுக்கு நல்ல கார்டு ஒண்ணு வேணும் தம்பி. எட்டாயிரத்துக்குள்ள பாருங்க."

என்ன கேம் என்று கேட்டான். அவள் கேமின் பெயரைச் சொன்னாள். குதிரையில் ஏறி மலை, காடு, கடற்கரை என்று ஊர் ஊராகச் சுற்றுகிற விளையாட்டு. பிரசன்னாவே ராத்தூக்கம் கெட்டு ஆடியதுதான்.

இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தான். "இது மூவாயிரத்து ஐந்நூறு. மீடியம் செட்டிங்ல ஓடும். இது ஏழாயிரம், எல்லாத்தையும் ஹைல வெச்சு ஆடலாம். ஆனா இது இழுக்கற கரன்ட்டுக்கு உங்க பழைய பவர் சப்ளை தாங்காது. அதையும் மாத்தணும். ஒன்பதாயிரம் கிட்ட வந்துடும் சார்."

பெண் பெரிய டப்பாவை எடுத்து, புதுச் சட்டையை மோந்து பார்ப்பது போல மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் கேட்டாள்.

"மீடியம்ல கடல் எப்படிண்ணா இருக்கும்?"

"கடலா? நீலமா இருக்கும்."

"இப்பவும் நீலமாத்தான் இருக்கு. நீலப் பெயின்ட் அடிச்ச தகரம் மாதிரி."

பிரசன்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹைல வெச்சா அலை உடையறது தெரியும். மேகம் தண்ணியில விழும். புல்லு ஒவ்வொண்ணா காத்துல ஆடும்."

"மூணு வருஷமா அந்த ஊருக்குள்ளயே சுத்தறேன்ணா. ஒரு தடவகூடச் சரியாப் பார்த்ததில்ல."

எத்தனை ஃபிரேம் வரும், துப்பாக்கி சுடும்போது படம் நின்று நின்று வருமா என்று கேட்கிறவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். கடலைப் பற்றிக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"பெரிசையே போட்டுடுங்க தம்பி" என்றார் சாம்பசிவம். "எட்டுன்னு சும்மா சொன்னேன். ஒன்பதும் இருக்கு. நேத்துதான் ஸ்கூட்டரை வித்தேன்."

பிரசன்னாவின் கை டப்பாமேல் அப்படியே நின்றுவிட்டது. சட்டைக் காலர் நைந்து, செருப்பு வார் தைத்துத் தைத்துப் போட்டிருக்கிற மனுஷன். இனி பஸ் பிடித்துத்தான் ஃபாக்டரிக்குப் போக வேண்டும். ஒரு விளையாட்டுக்காக!

ஓனர் உள்ளே போனில் இருந்தார். பிரசன்னா குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சார், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. தசராவுக்கு அப்புறம் புது சீரிஸ் வருது. சங்கராந்திக்கு இதே கார்டு பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு ஆறு மாசம் பொறுத்துக்குங்க."

"நக்கோ, அதெல்லாம் வேணாம் தம்பி. இன்னிக்கே குடுங்க."

"இதுல என்ன சார் அவசரம்? கேம் எங்கயும் ஓடிப்போயிடாது. அந்தக் கடலும் அங்கதான் இருக்கும்."

"இன்னிக்கே வேணும் தம்பி." பணத்தை எடுத்து கவுன்ட்டரில் வைத்துவிட்டு, எங்கே அவன் திருப்பிக் கொடுத்துவிடுவானோ என்று அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

பிரசன்னாவுக்கு அந்தப் பெண்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் அப்பாவும் இப்படித்தான், இல்லையென்று சொல்லத் தெரியாதவர். அவர் கடன்பட்டுக் கட்டிய கோர்ஸ் ஃபீஸ் இன்னும் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா? படிச்ச பொண்ணுதானே? ஆறு மாசம் பொறுக்க முடியாதா உன்னால? உங்கப்பா முகத்தைக் கொஞ்சம் பாரும்மா!"

"தம்பி, வேணாம்..." என்று சாம்பசிவம் பதறினார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, தன் முகத்தை அவர் முகத்துக்கு வெகு கிட்டத்தில் கொண்டுபோனாள். நெற்றி, புருவம், நரைத்த மீசை என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பார்த்தாள். அவர் குழந்தை போல அசையாமல் காட்டிக்கொண்டு நின்றார். மீசை மட்டும் துடித்தது.

பார்த்து முடித்துவிட்டு, பிரசன்னாவின் குரல் வந்த பக்கமாகத் திரும்பி மெல்லச் சொன்னாள்:

"தினமும் பார்த்துக்கிட்டுதான்ணா இருக்கேன். சங்கராந்திக்கு எனக்குக் கண்ணு இருக்காதாம்."