ராக்கெட்டில் போன கடிகாரம்

மேலப்பாளையத்து மாலை வெயில், ஓடாத டேப்ரிக்கார்டரைத் தாண்டிக் கட்டிலில் ஏறுகிறது. சவுதியில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, கழுத்துக்குக் கீழ் உணர்விழந்து திரும்பிய அசன் மைதீன் அதில் கிடக்கிறான். வாரின் கடைசித் துளையிலும் தொளதொளவென்றிருக்கிறது அவன் கைக்கடிகாரம். கை அசைந்தால்தான் அதற்குச் சாவி ஏறும், இப்போது நின்றிருக்கிறது. மனைவி மஹ்மூதா பீடி சுற்றும் சொளகை ஒதுக்கிவிட்டு, புகையிலை மணக்கும் விரல்களால் அவன் கையைத் தூக்கி ஆட்டுகிறாள். முள் நகர்கிறது. "ராக்கெட்டுல போனவங்களும் இந்த மாதிரி வாட்ச்சு கட்டியிருந்தாவளாம். அங்கன கைக்கு எடையே தெரியாதாம்," என்கிறான் அவன். "எனக்கும் அப்படித்தாம்ளா இருக்கு." அவள் இன்னும் வேகமாக ஆட்டுகிறாள். "ஓடுது பாருங்க மச்சான்." "போதும், வச்சிரு." வைத்த இடத்திலேயே கை கிடக்கிறது. அதன்மேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.