ஒரு பொந்து இரண்டான கதை

வாகை மரத்துப் பொந்து ஒன்றில் அணில் ஒன்று மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. ஒரு நாள் இரை தேடிவிட்டு வந்து பார்த்தால், பொந்தின் நடுவே ஒரு குளவி ஈர மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. குட்டிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன.

அணில் உள்ளே பாய்ந்து கேட்டது: "என்னண்ணே இது?"

"மரத்து மன்றத்தோட வீட்டுத் திட்டம்மா. ஒரு பொந்தை ரெண்டாக்கினா, அம்பது வீடு நூறாயிடும். வாசலுக்கு வெள்ளையும் அடிச்சுத் தருவாங்க."

"இன்னும் கண்ணே திறக்காத புள்ளைங்க! இந்தப் பாதியில மூணாவதை எங்கே போடுவேன்? வெளியே விட்டா பருந்து தூக்கிட்டுப் போயிடுமே!"

"அதைத் தலைவர்கிட்ட கேளு. எனக்குச் சொன்னது சுவர் மட்டும்தான்."

மூன்றாவது குட்டியைக் கவ்விக்கொண்டு அணில் உச்சிக்கிளைக்கு ஓடிற்று. அங்கே மன்றத் தலைவர் கிளி, தன் அகலமான பொந்தில் சாய்ந்து பழம் கொறித்துக்கொண்டிருந்தார்.

குட்டியைக் கீழே வைத்துவிட்டு அணில் கேட்டது: "ஐயா, உங்க பொந்துல சுவரைக் காணோமே?"

"இது வீடில்லைம்மா, ஆபீஸ். இங்கே உட்கார்ந்துதானே உங்களுக்காக யோசிக்கிறேன்!"

அணில் சட்டென்று நிமிர்ந்தது. குட்டியைத் தலைவரின் இறகு மெத்தையில் நடுவாகக் கிடத்தியது.

"யோசிங்க ஐயா, நல்லா யோசிங்க. சத்தம் மட்டும் போடாதீங்க, புள்ள தூங்கணும். மத்த ரெண்டையும் தூக்கிட்டு வரேன். அதுக்குள்ள நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி உட்காருங்க."