லண்டன் கணக்கு

"மைனி, ஒரு நிமிசம். மகளுக்க அவியல் கிண்ணத்தை இஞ்ச தாங்க."

ரீத்தா பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் தராசை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சம்பந்தி லீமா திருதிருவென்று விழித்தாள்.

ரீத்தாவுக்கு ஒரு மாதமாகவே சந்தேகம். மகள் ஜிஷாவுக்கு இது ஆறாம் மாசம். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னே? ஆரல்வாய்மொழியில் கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு மாமியார்க்காரி என்னத்தைப் போடுகிறாளோ! போனில் கேட்டால், "நல்லா சாப்பிடுகேன்மா" என்கிறாள். பக்கத்தில் நின்று சொல்ல வைக்கிறாளோ என்னவோ, யார் கண்டது? நேரில் நிறுத்தே பார்த்துவிடுவோம் என்று தன் ஊர் கருங்கலில் பஸ் ஏறிவிட்டாள். குறைந்தால் பிள்ளையை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது என்றும் முடிவு.

"எனக்க அக்கா மக லண்டன்ல நர்சாக்கும். அங்க ஒரு பங்கு காய்கறின்னா எம்பது கிராம். ஒரு நேரத்துக்கு ரெண்டு பங்காவது வேணும், கேட்டியளா?"

அவியல் நூற்றெழுபது கிராம் இருந்தது. லீமாவுக்கு மூச்சு வந்தது.

"நில்லுங்க மைனி." ரீத்தா சேனைத் துண்டுகளையும் வாழைக்காயையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள். "கிழங்கும் வாழைக்காயும் லண்டன்ல காய்கறிக் கணக்கில சேராது."

தராசு தொண்ணூறுக்கு இறங்கியது.

"அம்மா, ஆஸ்திரேலியாவில கிழங்கையும் கணக்கில சேர்ப்பாங்கன்னு டெல்வின் அண்ணன் போன்ல சொன்னானே?" என்றாள் ஜிஷா.

"நீ சும்மா இரி மக்களே. வயித்துப்பிள்ளைக்காரிக்கு லண்டன் கணக்குதான்."

லீமா தனக்கு எடுத்து வைத்திருந்த அவியலிலிருந்து முருங்கைக்காயையும் வெள்ளரிக்காயையும் பொறுக்கி மருமகள் கிண்ணத்தில் போட்டாள். தராசு நூற்றறுபதைத் தாண்டியது.

அடேயப்பா, என்ன நடிப்பு! ரீத்தா மனசுக்குள் நொடித்துக்கொண்டாள். தேங்காய் போட்டுப் பொரியலாக்கிக் கொண்டுவந்த பயற்றங்காய்த் துவரன் முழுவதையும் மகள் தட்டில் கொட்டினாள்.

"இனி மாசாமாசம் வந்து நிறுத்துப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

நாலு மணிக்கு வீடு வந்து சேர்ந்தபோது, மகன் டெல்வினின் மனைவி பிரிஜா அஞ்சு மாசக் கைக்குழந்தையை உறங்க வைத்துவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். தட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் சாறும்.

"ஜிஷாவுக்கு ஒழுங்கா சாப்பாடு குடுக்காவளா மாமி?"

"எங்க!" ரீத்தா பையிலிருந்து தராசை எடுத்துப் பிரிஜாவின் தட்டருகே வைத்தாள். "கிண்ணத்தில பாதி கிழங்கு. கூசாம வைக்கா! வயித்துப்பிள்ளைக்காரிக்குக் காய்கறி வேண்டாமா?"

"பால் குடுக்கவளுக்கும் வேணும்னு டாக்டர் சொன்னாரு மாமி." பிரிஜா சிரித்துக்கொண்டே தட்டைத் தராசுப் பக்கம் நகர்த்தினாள். "இன்னைக்குக் காலத்த வச்ச துவரனை மொத்தமா ஜிஷாவுக்குக் கொண்டு போயிட்டிய. எனக்கு எத்தனை பங்கு வருதுன்னு பாக்கட்டா?"

ரீத்தா சட்டென்று தராசை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"நிறுக்கதுக்கு என்னட்டி இருக்கு? அதான் தட்டு நிறைய கிழங்கு கிடக்கே! உனக்க மாப்பிள்ளை இருக்க ஆஸ்திரேலியாவில கிழங்கும் காய்கறிதான்!"