வேனில் ஏறாதவள்

வர வேண்டாம் என்று கணக்கு டீச்சர் நேற்றே சொல்லியும் பிள்ளை வந்துவிட்டாள்.

சீருடை. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. நெற்றியில் திருநீறு. வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் அங்காளீஸ்வரி.



பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. முதல் நாள். தேர்வு மையம் டவுனில். பிள்ளைகளை ஏற்றிப்போக வந்த வேன் பள்ளி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

பெரிய பள்ளிக்கூடமாக இருந்தால் ஒரு பிள்ளை தேறாமல் போனது வெளியே தெரியாது. இங்கே பத்தாவதில் மொத்தமே பதினோரு பேர். ஒருத்தி விழுந்தால் சதவீதம் தொண்ணூறுக்கு வந்துவிடும். போன வருடம் வந்தது. ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்கள். ஓய்வு பெறப்போகும் மனிதர். திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

இந்த வருடம் நூறு காட்டினால் பள்ளியை மேல்நிலையாக உயர்த்தும் கோப்பு நகரும், கட்டடத்துக்குப் பணம் வரும் என்று மேலே யாரோ சொல்லியிருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வெறும் வாய்வார்த்தை. அதற்கே மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எழுதித் தோற்றால் கணக்கில் வரும்.

எழுத வராமலே இருந்துவிட்டால் வராது.

அவ்வளவுதான் சூட்சுமம். ஊர் உலகத்தில் நடக்காததா என்ன?

"நீங்க சொன்னா கேப்பா" என்று டீச்சர் தலையில் கட்டிவிட்டார் தலைமையாசிரியர். பிள்ளை கோட்டை விடுவது கணக்கில்தானே.

சாயங்காலம் தவறாமல் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் இதே டீச்சர்தான். கடைசித் திருப்புதல் தேர்வில் அங்காளீஸ்வரி முப்பத்தொன்று வரைக்கும் ஏறியிருந்தாள். இன்னும் நாலே மார்க். தம் கட்டி எடுத்துவிடுவாள். எடுக்காமலும் போகலாம். அந்தச் சந்தேகத்தைத் தாங்க இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெம்பில்லை.

நேற்று சாயங்காலம் டீச்சர் அவள் வீட்டுக்கே போனாள். "நம்ம பள்ளிக்கூடத்துக்கு பிளஸ் ஒன் வரணும்னா நீ ஒரு உதவி செய்யணும்மா" என்று ஆரம்பித்தாள். பிள்ளை அழுவாள், அவள் அம்மா சண்டைக்கு வருவாள் என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். ஜூலையில் துணைத்தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்று சமாதானமும் தயாராக வைத்திருந்தாள். அப்படி நிறுத்திவைத்த ஒருத்தரும் இதுவரை திரும்பி வந்து எழுதியதில்லை. அது வேறு கதை.

சமாதானத்துக்கு வேலையே வரவில்லை.

அங்காளீஸ்வரி சிரித்தாள். உடனே சரி என்றாள். டீச்சருக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரக் கடைக்கு ஓடினாள்.

ஏன் சிரித்தாள் என்று டீச்சருக்குப் புரியவேயில்லை.

இப்போது வந்து நிற்கிறாள். மனசு மாறிவிட்டதோ? எழுதத்தான் வந்தாளோ? ஒரு நிமிடம் டீச்சருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். பிள்ளையின் ஹால் டிக்கெட் டீச்சர் பையில்தான் இருந்தது. ஏறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிள்ளை எழுத வரவில்லை.

வழியனுப்ப வந்திருந்தாள்.

கோயிலிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த திருநீற்றை வேனுக்குள் தலையை நீட்டி ஒவ்வொருத்தருக்கும் பூசிவிட்டாள். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்க்கச் சொன்னாள். "ஒருத்தியும் ஃபெயிலாகிக் கோட் அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று மிரட்டினாள். பிள்ளைகள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

பிறகு டீச்சரிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எட்டாவது, ஒம்பதாவதுலல்லாம் ஃபெயில் மார்க் எடுத்தப்பவே மேல தூக்கிப் போட்டீங்கள்ல டீச்சர். அதே மாதிரி பிளஸ் ஒன்லயும் போட்ருவீங்கள்ல? இங்கேயே பிளஸ் ஒன் வந்துட்டா, அக்கா மாதிரி என்னைய மில்லுக்கு அனுப்ப மாட்டேன்னு அப்பா சத்தியம் பண்ணிருக்காரு."



டவுனுக்கு அனுப்பிப் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிற ஊரில்லை இது. பத்தாவது முடிந்தால் நூல் மில், மில் விடுதி. அதிலிருந்து தப்பிக்கத்தான் பிள்ளை நேற்று சிரித்திருக்கிறாள்.

பத்தாவது தேறாதவர்களுக்கு பிளஸ் ஒன்னில் இடமில்லை. இது தெரியாதவர்கள் உண்டா என்று நினைத்து அவளிடம் யாரும் சொல்லவில்லை. வருடா வருடம் தூக்கிப் போட்டே ஏற்றிவிட்ட பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஐயோ, என் கண்ணே.

சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும்.

டீச்சர் வாயைத் திறந்தாள்.

பள்ளிப் படியில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிடுகிறார் போலிருந்தது.

வேன்காரர் சேவுகன் தலையை வெளியே நீட்டினார்.

"டைம் ஆச்சு டீச்சர். எல்லாரும் ஏறியாச்சா?"

திறந்த வாயை மூடிக்கொண்டு டீச்சர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சருக்குத் தலை சுற்றுகிறது போல என்று நினைத்தாள் அங்காளீஸ்வரி. கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றிவிட்டாள். சேலை முந்தானை மாட்டிக்கொள்ளாமல் உள்ளே ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உள்ளங்கையால் வேனைத் தட்டினாள்.

"எல்லாரும் ஏறியாச்சுண்ணே. எடுங்க."