எட்டு ஏ, மூன்று ஓ

கரண்ட் போய் அரை மணித்தியாலம் ஆகிறது. வாவியில் பட்டுத் தெறிக்கும் பின்னேர வெயில் அறைச் சுவரில் நெளிகிறது. ஸுஹைனாவின் மடிக்கணினியில் பதினொரு வீதம் பெட்டரி, இணையம் கைப்பேசியிலிருந்து. கணினி நிரல் எழுதும் வேலைக்கான இணையப் பரீட்சையில் இருபது நிமிடம் மீதி. பிள்ளை பெற்று மூன்று வருடம் வீட்டோடு இருந்தவளைக் கொழும்புக் கொம்பனி ஒன்று முதன்முறையாகக் கூப்பிட்டிருக்கிறது. கேள்வி சின்னதுதான். உதாரணத்துக்கு, எட்டு ஏ, மூன்று ஓ. எல்லாவற்றையும் கோத்து ஒரு சரம் கட்ட வேண்டும், ஒரே எழுத்து மூன்று தடவை அடுத்தடுத்து வரக்கூடாது. எல்லா வரிசைகளையும் தேடும்படி அவள் எழுதிய நிரல், பரீட்சை ஆயிரம் எழுத்துகளைக் கொடுத்துச் சோதித்தபோது நேரம் போதாமல் இரண்டு முறை சிவந்துவிட்டது. ஸுஹைனாவின் மகனை இடுப்பில் வைத்தபடி தங்கை றஸீனா எட்டிப் பார்க்கிறாள். “கரண்ட் வரல்லியே ராத்தா. விட்டுடுவமா?” “விட ஏலா. நீ புள்ளயக் கொண்டு அங்கால போ.” கடதாசியில் பென்சில் ஊர்கிறது. எது கூட மிச்சமோ அதையே வைக்கிறாள்: ஏ, ஏ. மூன்றாவது ஏ வைக்கக்கூடாது, ஆகவே ஓர் ஓ. திரும்பவும் ஏ, ஏ. வைத்ததைக் கலைத்துப் பார்க்கத் தேவையே வரவில்லை. கடைசி ஏ நுனியில் சரியாக அமர்கிறது. பழையதை முழுக்க அழித்து, பத்தே வரியில் எழுதி அனுப்புகிறாள். திரையில் வட்டம் சுழன்று சுழன்று பச்சையாகிறது. “முடிஞ்சா ராத்தா?” பெட்டரி ஐந்து வீதம். “இன்னும் ஒரு கேள்வி இரிக்கி,” என்றபடி ஸுஹைனா புதுக் கடதாசியை இழுக்கிறாள்.