ஒன்பது எழுத்து ஊர்

அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வர முடியாது என்று கணவர் சொன்னதிலிருந்து பூங்கொடி அவரோடு பேசவில்லை. காலையில் பேப்பரை விரித்தபடி சென்னியப்பன் குரல் கொடுத்தார்.

“அம்மணி, இன்னைக்குக் குறுக்கெழுத்து பூராவும் நம்ம பக்கத்து ஊருக. தேயிலைத் தோட்டம், நாலு எழுத்து?”

“வால்பாறை” என்றாள், சுவரைப் பார்த்து.

“மாட்டுச் சந்தை, அஞ்சு எழுத்து?”

“பொள்ளாச்சி.”

“மச்சானோட புது ஊட்டுக்கு மாப்பிள்ளை போகப்போற ஊரு, ஒம்பது எழுத்து?”

“சத்தியமங்...” என்றவள் நிறுத்தினாள்.

சமையலறைக்குப் போய் அரிசி டின்னைத் திறந்தாள். விடிந்ததும் கோபத்தில் அவளே ஒளித்து வைத்த இன்றைய பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

“நேத்து பேப்பரைக் கீழ வெச்சுப்போட்டு இதைப் படிங்க. எத்தனை மணி பஸ்ஸுக்குப் போலாமுங்க?”